முப்பத்தேழு

முதல் காசைக் கொடுத்தவள் நான்தான்.
யாரும் கேட்கவில்லை அன்று.

மேசை மலை அடிவாரத்திலிருந்து
கட்டிலும் பூனையுமாக லாரியில் ஏற்றிவந்து
எங்களை மணலில் இறக்கியிருந்தார்கள்.
கட்டடங்களுக்குப் பூக்களின் பெயர்.
டெய்சி, லில்லி, புரோட்டியா.
செடி ஒன்றும் கிடையாது.
தென்கிழக்குக் காற்று மட்டும் உண்டு.
கொடியில் காயும் சட்டைகளுக்குள் புகுந்து
உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டும்.

வெள்ளிக்கிழமை சம்பளம்.
தையல் ஆலையிலிருந்து வரும் கடைசி பஸ், முப்பத்தேழு,
பத்தேகாலுக்கு எங்களைத் தள்ளிவிட்டுப் போகும்.
நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே
விளக்கில்லாத நானூறு அடி.
அதில்தான் ரேச்சலின் சம்பள உறை போயிற்று,
கூடவே அவள் யாரிடமும் சொல்லாத
வேறு ஏதோ ஒன்றும்.

மறு வாரம் நான்கு பையன்கள் நின்றார்கள்.
ஐவன் செப்டம்பர்.
அவன் முப்பாட்டனை விற்ற மாதம்
குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது.
அப்புறம் தோயர், வெர்னன்,
வெர்னனின் தம்பி. அவன் பெயர் மறந்துபோனது,
இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு, அது ஞாபகமிருக்கிறது.
ஒரு மண்வெட்டிக் காம்பு. ஒரு டார்ச்.
"நீங்க நடங்க, நாங்க பின்னாடி வர்றோம்."
பதினேழு பெண்கள் அந்த ஒற்றை வெளிச்சத்தில் நடந்தோம்.
யாரோ பாடக்கூடச் செய்தாள்.

வாசலில் பத்து சென்ட் நீட்டினேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான் ஐவன்.
சட்டைப்பையில் நானே போட்டேன்.
பை கிழிசல்.
காசு விழுந்து உருண்டது.
சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தான்.

அடுத்த வாரம் எல்லோரும் கொடுத்தோம்.
அதற்கடுத்த வாரம் கொடுக்காத டோரதி
இருட்டில் தனியே நடந்தாள்.
அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லை,
அந்த வாரம்.

பிறகு லில்லி கட்டடத்துப் பையன்கள்
சாக்கடைக்கு அந்தப் பக்கம் தங்களுடையது என்றார்கள்.
தோயர் அந்தப் பக்கத்தில் கிடந்தான்,
வாங்கப் போன ரொட்டி கக்கத்தில் இருந்தபடியே.
நாலு பேர் சுமக்கும் சந்தூக்குக்கு
நாற்பது பேர் தோள் கொடுத்தார்கள்.
அடக்கம் முடிந்தும் யாரும் கலையவில்லை.
எப்போது தொடங்கியது என்று போலீஸ் கேட்டால்
அந்த மாலையைத்தான் சொல்வேன்.
பத்து சென்ட்டைச் சொல்ல மாட்டேன்.

ஐவன் உள்ளே போனான்.
ஆறு வருஷம் கழித்து வந்தவன்
பாதிக் குரலில் பேசினான்.
சிறையிலிருந்து பதவிகளைக் கொண்டுவந்திருந்தான்,
ஜெனரல், நீதிபதி, டாக்டர்.
பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளைகள்
ஒரே இரவில் டாக்டர் ஆனார்கள்.
மாத்திரை வந்தது, துப்பாக்கி வந்தது.
வாடகை கட்ட முடியாதவர்களுக்கு வாடகையும் வந்தது.
ரேச்சலின் மகனுக்குப் பள்ளிக் காலணி
ஐவன்தான் வாங்கித் தந்தான். நல்ல தோல்.
அந்தக் காலணியோடுதான் அவனும்
மூலையில் போய் நின்றான்.

டிரைவர்கள் வர மறுத்தார்கள்.
எந்த வருஷமோ, பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள்.
எண் மட்டும் இறங்கி இங்கேயே தங்கிவிட்டது,
சுவரில், தண்ணீர்த் தொட்டியில்,
ஐவனின் கல்லறையில்.

இப்போது சமையலறை ஜன்னல்தான் என் கடை.
ரொட்டி, மண்ணெண்ணெய், சில்லறை சிகரெட்.
மாதத்தின் முதல் வெள்ளி கீனன் வருவான்.
வயது பதினாலு.
கழுத்தில் பச்சை குத்திய புண் இன்னும் ஆறவில்லை.
முப்பத்தேழுன்னா என்னடா, என்றேன்.
"எங்க ஜெனரல் வாங்கின குண்டு."
போன மாதம் வந்தவன்
சிறை அறையின் நம்பர் என்றான்.
நான் திருத்தவில்லை.
டயர் தேய்ந்த ஒரு பஸ்ஸை
யார் கழுத்தில் குத்திக்கொள்வார்கள்?

நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது
ஒரு காசு நழுவி உருண்டு
அவன் காலடியில் நின்றது.
அவன் காசைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கதவைத் திறந்துபோய் நான் குனிந்தேன்.

கிளம்பும்போது திரும்பி,
"இருட்டிடுச்சு, கதவைப் பூட்டிக்கங்க" என்றான்.
அக்கறையாகத்தான் சொன்னான்.